மாங்கன்று வாங்கப் போறீங்களா? பேரைக் கேட்கும் முன்னாடி ஒட்டைப் பாருங்க!

நாலு தூறல் விழுந்தா போதும், தெருமுனையில் கன்றுகளை ஏற்றிக்கொண்டு மினி லாரி வந்து நிற்கும். கறுப்பு பாலித்தீன் பையில் வரிசையாக மா, சப்போட்டா, கொய்யா. "இது இமாம்பசந்த், இது அல்போன்சா, மூணே வருஷத்துல காய்க்கும்" என்பார்கள். நாமும் ஆசையாக வாங்கி வந்து கொல்லையில் வைத்துவிடுவோம்.

சிக்கல் எங்கே என்றால், அது சொன்ன ரகம்தானா என்று தெரியவே நாலைந்து வருஷம் ஆகும். சட்டை அளவு சரியில்லைன்னா மறுநாளே போய் மாத்திக்கலாம். அஞ்சு வருஷம் தண்ணீர் ஊற்றின மரத்தை யாரிடம் போய் மாற்றுவது?

எங்க வீட்டிலேயே இது நடந்தது. அப்பா இமாம்பசந்த் என்று வாங்கி வந்த கன்று. அம்மா அரிசி கழுவின தண்ணீரை எல்லாம் அதுக்குத்தான் ஊற்றுவாங்க. ஆறாவது வருஷம் காய்த்தது. பழுத்தும் புளிப்பு, வாயெல்லாம் நார். விற்றவர் ஏமாத்திட்டார்னு ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தோம். தப்பு எங்க மேலயும் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

ஒட்டு என்றால் என்ன?

நம்ம ஊர் சந்தையில் "ஒட்டு மாங்கா" என்று ஒரு ரகம் மாதிரியே சொல்வார்கள். உண்மையில் அது ரகத்தின் பெயர் இல்லை, கன்றை உருவாக்கும் முறையின் பெயர். மாங்கொட்டையைப் போட்டு முளைக்க வைத்த நாட்டுச் செடியின் தண்டை வெட்டி, அதன் மேல் நமக்கு வேண்டிய ரகத்தின் குச்சியைச் சேர்த்துக் கட்டுவார்கள். ரெண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். வேர் ஒரு மரத்துடையது, பழம் இன்னொரு மரத்துடையது.

கொட்டையையே போட்டு வளர்த்தால் என்ன என்று கேட்கலாம். நல்ல பங்கனப்பள்ளி சாப்பிட்டுவிட்டு அந்தக் கொட்டையைப் புதைத்தால் வருவது பெரும்பாலும் பங்கனப்பள்ளியாக இருக்காது. பூவில் எந்த மரத்தின் மகரந்தம் சேர்ந்ததோ அதன் குணமும் கலந்துதான் புதுச் செடி வரும். காய்க்கவும் ஆறு முதல் எட்டு வருஷம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஒட்டுக்கன்று என்றால் மூன்று, நான்கு வருஷத்தில் காய்ப்புக்கு வந்துவிடும். கேரளப் பக்கத்து ஒளூர், சந்திரக்காரன் போன்ற சில ரகங்கள் மட்டும் கொட்டையிலிருந்தே தாய் மரம் மாதிரி வரும். நாம் ஆசைப்படும் ரகங்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இல்லை.

சரி, எங்க வீட்டு மரத்துக்கு என்ன ஆச்சு? வைத்த முதல் கோடையில் மேல் குச்சி காய்ந்துவிட்டது. கொஞ்ச நாளில் அடியிலிருந்து தளதளன்னு புதுத் துளிர் வந்ததும் "அப்பாடா, பிழைச்சிருச்சு" என்று சந்தோஷப்பட்டோம். அந்தத் துளிர் வந்தது ஒட்டுக்குக் கீழே இருந்து. அதாவது, இமாம்பசந்த் செத்துப்போய் நாட்டு மாஞ்செடி வளர்ந்திருக்கிறது. அஞ்சு வருஷம் நாங்கள் வளர்த்தது அதைத்தான்.

அதனால், கன்று வாங்கும்போது முதலில் குனிந்து தண்டைப் பாருங்க. கீழிருந்து ஒரு சாணுக்குள்ளோ, கொஞ்சம் மேலேயோ ஒட்டுக் கட்டிய தழும்பு இருக்கணும். தழும்புக்கு மேலே உள்ள பகுதி பச்சையாக, இலையோடு இருக்கணும். கட்டின பாலித்தீன் நாடா இன்னும் இறுக்கமாக இருந்தால், ஒட்டு சேர்ந்த பிறகு அவிழ்த்துவிடுங்க. இல்லாவிட்டால் தண்டு பெருக்கும்போது கழுத்தை நெரித்துவிடும். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே அரை அடியாவது இருக்கட்டும். அதற்குக் கீழே எந்தத் துளிர் வந்தாலும் இரக்கமே படாமல் கிள்ளி எறிந்துவிடணும். முதல் மூன்று வருஷம் வரும் பூவையும் கிள்ளிவிடச் சொல்வார்கள். மனசு வராதுதான், ஆனால் செடி பலமாக வளர அது தேவை.

எந்த மா?

ருசியை மட்டும் பார்த்தால் எல்லோரும் கேட்பது இமாம்பசந்த், அல்போன்சா, மல்கோவா. வீட்டில் இருக்கப்போவது ஒரே மரம் என்றால் இங்கே கொஞ்சம் யோசிக்கணும். அல்போன்சா ஒரு வருஷம் நிறைய காய்த்தால் அடுத்த வருஷம் ஏமாற்றும். மல்கோவா காய்ப்பே குறைவு. பங்கனப்பள்ளி நன்றாகக் காய்த்தாலும் எல்லா வருஷமும் ஒரே மாதிரி இருக்காது. நீலமும், கிளிமூக்கு என்று நாம் சொல்லும் பெங்களூராவும்தான் வருஷம் தவறாமல் காய்க்கக்கூடியவை. பெயரில் கவர்ச்சி இல்லை, ஆனால் நம்பலாம்.

இதில் நடுவழியும் உண்டு. நீலத்தையும் வடநாட்டு தசேரியையும் சேர்த்து டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியவை மல்லிகா, ஆம்ரபாலி. இதில் ஆம்ரபாலி குட்டை மரம், வருஷா வருஷம் காய்க்கும், பழமும் நல்ல இனிப்பு. சின்ன இடம் வைத்திருப்பவர்களுக்கு என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1, பி.கே.எம். 2 இரண்டுமே நீலத்தின் வாரிசுகள்தான்.

மூன்று மரத்துக்கு இடம் இருக்கிறதா? மூன்றையும் ஒரே ரகமாக வைத்தால் மே மாசம் ஊருக்கெல்லாம் கொடுத்தும் மிஞ்சும், ஜூன் கடைசியில் கடையில் வாங்கிச் சாப்பிடுவீங்க. முன்கூட்டியே வரும் செந்தூரா, அடுத்து பங்கனப்பள்ளி, கடைசியில் நீலம் என்று வைத்தால் ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை வீட்டுப் பழமே ஓடும்.

இடக் கணக்கையும் பார்த்துவிடுங்க. சாதாரண மாமரத்துக்கு 30 அடிக்கு 30 அடி இடைவெளி விடுவது வழக்கம். அதாவது 900 சதுர அடி, ஏறக்குறைய 2 சென்ட். கவாத்து செய்து அடக்கி வளர்க்கிறவர்கள் 15 அடியிலும் வைக்கிறார்கள். செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் ஓரத்தில் மட்டும் மாவும் பலாவும் வேண்டவே வேண்டாம்.

ஒத்தை நெல்லி ஏன் காய்க்கிறதில்ல?

"மரம் நிறைய பூக்குது, காய் மட்டும் நிக்கல." பெருநெல்லி வைத்த பலரும் சொல்லும் புகார் இது. நெல்லியில் ஒரு ரகத்தின் மகரந்தம் அதே ரகத்தில் சரியாகச் சூல் பிடிக்காது. பக்கத்தில் வேறு ரக நெல்லி இருக்கணும். என்.ஏ. 7, கிருஷ்ணா, காஞ்சன், பவானிசாகரில் வெளியிட்ட பி.எஸ்.ஆர். 1 என்று ஏதாவது இரண்டைச் சேர்த்து வையுங்க. இடம் இல்லையென்றால், நீங்கள் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் வேறொன்று வைத்தாலும் போதும், தேனீக்களுக்குக் காம்பவுண்டு சுவர் ஒரு பொருட்டே இல்லை.

பப்பாளியில் வேறு மாதிரி சிக்கல். சில ரகங்களில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. பூ வரும் வரை எது எது என்று தெரியாது. ஒரே ஒரு செடி வைத்து அது ஆணாகிவிட்டால் காய்க்காத மரத்துக்குத்தான் காவல் இருக்கணும். வீட்டுக்கு கோ 3, கோ 7, ரெட் லேடி மாதிரி ரகங்கள் வசதி. இவற்றில் ஆண் செடி வராது. ரெட் லேடி ஹைபிரிட் என்பதால் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் அதே குணம் வராது, புதுசாகத்தான் வாங்கணும்.

கொய்யாவில் லக்னோ 49, சிவப்பு சதை வேண்டுமென்றால் அர்கா கிரண். பதியன் போட்ட கன்றாகக் கேட்டு வாங்குங்க, ரெண்டு மூணு வருஷத்தில் பழம் பறிக்கலாம். சப்போட்டாவும் ஒட்டாகவே கிடைக்கும். எலுமிச்சை மட்டும் விதிவிலக்கு. அதை விதையிலிருந்து வளர்த்தாலும் பெரும்பாலும் தாய் மரம் மாதிரியே வரும்.

போர் தண்ணி உப்பா?

கடலோர ஊர்களிலும் சென்னைப் புறநகரிலும் ரகத்துக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. உப்புத் தண்ணீரை சப்போட்டா, கொய்யா, நெல்லி ஓரளவு தாங்கும். எலுமிச்சை தாங்காது. மாவிலும் இலை ஓரம் கருகிப்போவதைப் பார்க்கலாம். மண்ணையும் தண்ணீரையும் ஒருமுறை பரிசோதித்துவிட்டு மரத்தை முடிவு பண்ணுங்க. வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலேயே செய்துகொள்ளலாம்.

ஆன்லைன் ஆப்பிள் நம்ம ஊரில் காய்க்குமா?

தொட்டியில் கொத்துக் கொத்தாக ஆப்பிள் தொங்கும் படம் எல்லோர் போனுக்கும் வந்திருக்கும். காஷ்மீர், இமாச்சல் ஆப்பிள் ரகங்களுக்குக் குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் கடுங்குளிர் வேண்டும். அது கிடைத்தால்தான் மொட்டு விழிக்கும். மார்கழி ராத்திரியிலேயே 20 டிகிரியை ஒட்டி இருக்கும் சென்னையில் அதற்கு வழியில்லை. குறைந்த குளிரே போதும் என்ற ரகங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. அன்னா, டார்செட் கோல்டன் இரண்டும் அப்படித்தான். இமாச்சலைச் சேர்ந்த ஹரிமன் சர்மா உருவாக்கிய ஹெச்.ஆர்.எம்.என். 99-ம் சமவெளிக்கானது. 2025-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தப் பெயரில் கூரியரில் வருவதெல்லாம் அதுதானா என்பது வேறு கேள்வி. ஆசைக்கு ஒன்று வையுங்க, ஆனால் இருக்கிற ஒரே இடத்தை அதுக்குக் கொடுத்துடாதீங்க.

எங்கே வாங்கலாம்?

அரசு தோட்டக்கலைப் பண்ணைகள், வேளாண் பல்கலைக்கழக வளாகங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் முதல் தேர்வு. மாங்கன்றுக்கு கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கத்து நர்சரிகளும் பேர் போனவை. எங்கே வாங்கினாலும் தாய் மரத்தைக் காட்ட முடியுமா என்று கேளுங்க. ரகத்தின் பெயரோடு ரசீதும் வாங்கி வைத்துக்கொள்ளுங்க. ஏனென்றால் சின்னக் கன்றில் இலையைப் பார்த்து ரகம் சொல்வது அனுபவஸ்தர்களுக்கே கஷ்டம்.

ஏற்கெனவே தப்பான மரம் வளர்ந்துடுச்சா?

வேரோடு பிடுங்க வேண்டியதில்லை. மரத்தை மூன்று நான்கு அடி உயரத்தில் வெட்டிவிட்டு, புதிதாக வரும் கிளைகளில் நாலைந்தை மட்டும் விட்டு, அவற்றில் வேண்டிய ரகத்தை ஒட்டுக் கட்டலாம். வேர் ஏற்கெனவே ஆழமாக இருப்பதால் புதுக் கன்றை விட வேகமாகக் காய்ப்புக்கு வரும். ஒட்டுக் கட்டத் தெரிந்த ஆள் வேணும், அவ்வளவுதான்.

எங்க மரத்துக்கும் ஆள் பார்த்துவிட்டோம். அம்மாதான் வெட்டவே விடமாட்டேன்னுட்டாங்க. அந்தப் புளிப்புக்கு ஆவக்காய் நல்லா நிற்குதாம். இமாம்பசந்த் இப்போ புதுசா கொல்லையின் மறுகோடியில் ஒண்ணு வெச்சிருக்கோம். இந்தத் தடவை அடியில் துளிர் தெரிஞ்சா கிள்ளி எறியறது அப்பாவோட வேலை.