கிணறுகள் வாய் திறக்குமா?

கிணறு என்றதும் உங்கள் நினைவில் என்ன வருகிறது? வாளி, கயிறு, சுபுஹு நேரத்தில் ஒளுச் செய்ய இறைத்த சில்லென்ற தண்ணீர், பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசிய கதைகள். யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள தீவுகளிலும் கிணறு அப்படித்தான் இருந்தது. ஆனால் அங்கே சில கிணறுகளைப் பற்றி முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒரு பேச்சு நிற்கவே இல்லை. "என் மகன் அதற்குள்தான் கிடக்கிறான்" என்கிற பேச்சு!

பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் முதலில் வருவது மண்டைதீவு. அப்பால் அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, ஊர்காவற்றுறை. கடல் தாண்டினால் நயினாதீவும் நெடுந்தீவும். 1990 ஆகஸ்டில், முற்றுகையிடப்பட்ட யாழ்ப்பாணக் கோட்டையை மீட்கும் நோக்கத்தோடு இலங்கை இராணுவம் இந்தத் தீவுகளில் இறங்கியது. மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் ஊர்களில் இளைஞர்களும் குடும்பத் தலைவர்களும் கூட்டமாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. கொன்று மண்டைதீவுக் கிணறுகளில் போட்டு மூடினார்கள் என்பது உறவினர்களின் குற்றச்சாட்டு. அது பொய்யா மெய்யா என்று அறிய ஒரே வழி, தோண்டிப் பார்ப்பதுதான்.

தீவுகளில் ஆள் தொலைவது அத்தோடு நிற்கவும் இல்லை. அல்லைப்பிட்டிப் பங்குத் தந்தை ஜிம் பிரவுன் அடிகளாரும் அவரோடு சென்ற உதவியாளரும் 2006 ஆகஸ்ட் 20 அன்று காணாமற் போனார்கள்.

2025இல் செம்மணியில் எலும்புக்கூடுகள் வெளிவரத் தொடங்கியதும், மண்டைதீவுக் கிணறுகளையும் தோண்டுங்கள் என்ற குரல் மறுபடியும் எழுந்தது. அதே மண்டைதீவில் அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்திற்கு வேலை ஆரம்பமானது. மைதானம் வரட்டும், பிள்ளைகள் விளையாடட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் மண்ணைப் புரட்டும் இயந்திரம் வரும் முன்னே கிணறுகளைப் பார்த்துவிட வேண்டாமா?

ஏன் கிணறு என்று கேட்பீர்கள். அந்தப் பூமி முழுவதும் சுண்ணாம்புக்கல். மழைநீர் கல்லைக் கரைத்து உள்ளே பொந்தும் குகையுமாக்கி வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் புகழ்பெற்ற நிலாவரைக் கிணறுகூட மனிதர் தோண்டியதல்ல, பாறை இடிந்து உண்டான பள்ளம்தான். இப்படிப்பட்ட பூமியை உலகில் வேறு இடங்களிலும் கொலைகாரர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் சுலோவேனியா நாட்டின் சுண்ணாம்புக் குகைகளில் 1945இல், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, கைதிகளைக் கொன்று தள்ளினார்கள். அந்த எலும்புகளைக் குகைக்குள் இறங்கி எடுக்கும் வேலை நம் காலத்தில்தான் நடந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் சைப்ரஸ் தீவில் இருக்கிறது. கிரேக்கக் கிறிஸ்தவர்களும் துருக்கிய முஸ்லிம்களும் 1963-64 கலவரத்திலும் 1974 போரிலும் ஒருவரை ஒருவர் இழந்தார்கள். இரு தரப்பிலுமாகக் காணாமற் போனோர் பட்டியலில் 2002 பேர். அவர்களிலும் பலர் கிடந்தது பாழுங்கிணறுகளில்தான். 1981இல் இரு சமூகமும் சேர்ந்து ஒரு குழு அமைத்தது. பேச்சிலேயே கால் நூற்றாண்டு போனது. 2006இல்தான் ஒழுங்காகத் தோண்டத் தொடங்கினார்கள். அதன்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டு வீட்டாரிடம் ஒப்படைத்தார்கள். துருக்கியக் கிழவிக்கும் கிரேக்கக் கிழவிக்கும் ஒரே ஆய்வுக்கூடம், ஒரே முறை!

கிணற்றில் தேடுவது எளிதல்ல. முதலில் நீதிவானின் உத்தரவு வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியல் அறிந்தவரும் இல்லாமல் மண்வெட்டி விழக் கூடாது. நீரை இறைத்தால் பாறை வெடிப்புகள் வழியே மீண்டும் ஊறும். சுவர் சரியாமல் முட்டுக் கொடுக்க வேண்டும். மண்ணை ஆழம் ஆழமாகப் பிரித்து மேலே அனுப்பி, சல்லடையில் கழுவி, பல்லும் விரல் எலும்பும் தவறாமல் பொறுக்க வேண்டும். கிணற்றில் முதலில் விழுந்தது அடியில் இருக்கும், பின்னால் போட்ட கல்லும் குப்பையும் மேலே இருக்கும். அந்த வரிசையே ஒரு சாட்சி. அவசரப்பட்டு இயந்திரத்தால் வாரிவிட்டால் சாட்சி அழிந்தது. பல பேருடைய எலும்புகள் கலந்து கிடந்தால், வலது தொடை எலும்புகளை மட்டும் எண்ணுவார்கள். எத்தனை வலது தொடையோ, குறைந்தது அத்தனை பேர்.

வயதையும் கணிக்க வேண்டும். மன்னார் சதொச வளாகத்தில் 2018இல் முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய மாதிரிகள் பல நூற்றாண்டுகள் பழையவை என்று 2019இல் பதில் வந்தது. எலும்பு கிடைத்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

செம்மணியைப் பாருங்கள். மாணவி கிருஷாந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற படைவீரன் 1998இல், நூற்றுக்கணக்கானவர்கள் அங்கே புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னான். 1999இல் தோண்டி எடுத்தது 15 உடல்கள்தான். பின்பு கால் நூற்றாண்டு மௌனம். 2025இல் அருகே சித்துப்பாத்தி மயானத்தில் கட்டிட வேலைக்குத் தோண்டியபோது எலும்பு தட்டுப்பட்டது. தொடர்ந்து தோண்டியதில் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள், அவற்றில் குழந்தைகளுடையவையும்! பள்ளிக்கூடப் பை, வளையல், விளையாட்டுப் பொம்மை கிடைத்தன. ஆகஸ்ட் 5ஆம் தேதி அந்தப் பொருட்களைப் பொதுமக்கள் பார்க்க வைத்தார்கள். ஒரு தாய் தன் பிள்ளையின் பொம்மையைத் தேடி அப்படி வரிசையில் நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் பொருளை வைத்து மட்டும் பெயர் சொல்ல முடியாது. இரத்த உறவு வேண்டும். தாயின் மரபணு எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும், மகள் வழியாகப் பேரப்பிள்ளைகளுக்கும் போகும். ஆகவே தாய், உடன்பிறந்தவர்கள், சகோதரியின் மக்கள் ஆகியோரின் மாதிரி கைகொடுக்கும். அர்ஜென்டினாவில் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் இழந்த பாட்டிமார்கள் போராடி, 1987இல் அரசே சட்டம் போட்டு மரபணு வங்கி நிறுவச் செய்தார்கள். 1990இல் மகனைப் பறிகொடுத்த தீவகத் தாய்க்கு இன்று எண்பது வயது இருக்கலாம். அவர் போய்விட்டால் அந்தச் சாட்சியும் கபருக்குப் போகிறது, கிணறோ அப்படியே கிடக்கிறது.

இது தமிழ்த் தாய்மாருக்கு மட்டுமான துயரமா? இல்லை. 1990 ஜூலையில் மட்டக்களப்பு மாவட்டம் குருக்கள்மடத்தில், ஹஜ்ஜு முடித்துத் திரும்பியவர்கள் உட்பட காத்தான்குடிக்குப் போய்க்கொண்டிருந்த முஸ்லிம்களைப் புலிகள் மறித்துக் கொன்று புதைத்தார்கள். அந்த இடத்தைத் தோண்ட 2014இல் நீதிமன்றத்தை நாடியும் அப்போது தோண்டவில்லை. 2025இல் விஷயம் மீண்டும் நீதிமன்றத்திற்கு வந்தது. யாழ்ப்பாண முஸ்லிம்களோ அதே 1990 அக்டோபர் 30இல் ஊரைவிட்டே விரட்டப்பட்டவர்கள். கொன்றவன் வேறு, கொடி வேறு. ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிட முடியாத வேதனை ஒன்றேதான்.

மையித்து இல்லாவிட்டால் மனைவியின் நிலை என்ன? இத்தா இருப்பதா, காத்திருப்பதா? இந்தியாவில் 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி, நான்கு ஆண்டுகள் கணவனைப் பற்றித் தகவலே இல்லையென்றால் மனைவி நீதிமன்றத்தில் மணமுறிவு கேட்கலாம். இலங்கையில் 2016இல், 'இறந்தார்' என்று எழுத மனமில்லாத குடும்பங்களுக்காக, 'காணக்கிடைக்கவில்லை' என்று சான்றிதழ் பெற வழி செய்தார்கள். சொத்து, வங்கிக் கணக்கு முதலிய காரியங்களுக்கு அது உதவும். மனப்பாரம் குறையுமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

உங்கள் குடும்பத்தில், உங்களுக்குத் தெரிந்த வீட்டில், இப்படி யாரேனும் இருந்தால் ஒன்று செய்யுங்கள். சந்தேகப்பட்ட இடத்தை நீங்களே தோண்டிவிடாதீர்கள், தோண்ட யாரையும் விடவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். காணாமற் போனவரின் உயரம் என்ன, எந்தப் பல் விழுந்திருந்தது, எந்தக் கை எப்போது முறிந்தது, கடைசியாக உடுத்தியிருந்த சாரம் என்ன நிறம், பொத்தான் எப்படி, கையில் மோதிரம் உண்டா, யார் யாருடன் பிடிபட்டார், பார்த்தவர் யார் என்று ஒவ்வொன்றாய்க் கேளுங்கள். உம்மா சொல்வதை அவர் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதுங்கள். பழைய படம் இருந்தால், சிரித்து பல் தெரிகிற படமாகப் பார்த்து எடுத்து வையுங்கள். ஒரு பிரதியைத் தங்கை வீட்டில் கொடுத்து வையுங்கள்.