உடைந்த திருகாணியை வெளியே எடுப்பது எப்படி?

கும்மிடிப்பூண்டிப் பக்கம் வளரும் எங்களுக்குத் திருகாணி புதிய பொருளன்று. எங்களில் பலருடைய தந்தையர் சிப்காட் தொழிற்பேட்டையில்தான் வேலை செய்கிறார்கள். அப்படியிருந்தும் ஒரு சிறு திருகாணி எங்களைக் கலங்க வைத்துவிட்டது.

ஆண்டு விழாவுக்கு எட்டு நாள் இருக்கையில், பள்ளியின் ஒரே கிட்டாரைத் துடைத்து எண்ணெயிடும் பொறுப்பைச் சிஸ்டர் எங்களிடம் ஒப்படைத்தார். கம்பிகளைத் தளர்த்தி, சுருதிச் சாவிகள் உள்ள தகட்டைக் கழற்றித் துடைத்தோம். திரும்பப் பூட்டும்போது ஒரு திருகாணி இறங்க மறுத்தது. இன்னும் ஒரு சுற்று என்று அழுத்தினோம். 'டக்'கென்று தலை மட்டும் கையோடு வந்தது. உடல் மரத்துக்குள் நின்றுவிட்டது.

தலையைப் பசையால் ஒட்டி வைத்துவிடலாமா என்று ஒருத்தி கேட்டாள். உண்மையைச் சொன்னால், எல்லோருமே ஒரு கணம் யோசித்தோம். ஆனால் கிட்டாரின் ஆறு உருக்குக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமம். தகடு சற்றே ஆடினாலும் சுருதி நிற்காது. மேடையில் குட்டு உடைந்துவிடும்! சிஸ்டரிடம் சொல்லிவிட்டோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. "இனி யாரும் அதைத் தொட வேண்டாம், வேலை தெரிந்தவரிடம் காட்டுவோம்" என்றார்.

தோழி ஒருத்தியின் தந்தை லேத் வேலை செய்பவர். "இரும்புக்குள் உடைந்தால் ஒரு வழி, மரத்துக்குள் உடைந்தால் வேறு வழி அம்மா" என்று அவர் விளக்கினார். இயந்திரத்தில் போல்ட் உடைந்தால் அதன் நடுவில் துளையிட்டு, இடப்பக்கம் சுற்றும் மரையுள்ள கருவியை நுழைத்துத் திருப்புவார்களாம். திருப்பத் திருப்பப் பிடி இறுகி, போல்ட் வெளியே வரும். எங்கள் திருகாணியோ 2 மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் துளையிட்டால் முனை கடினமான உருக்கிலிருந்து வழுக்கி, மென்மையான மரத்தைக் குடைந்துவிடும். ஆகவே திருகாணியை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள மரத்தை வெட்ட வேண்டும்.

'ரோல் பின்' என்னும் குழல் போன்ற ஊசியின் நுனியில் அவர் அரத்தால் பற்கள் வெட்டினார். துளையிட்ட மரத்துண்டு ஒன்றை வழிகாட்டியாக வைத்து இறுக்கினார். மறுபுறம் பொத்துக்கொள்ளாதபடி, ஆழத்துக்கு அடையாளமாகக் குழலில் தாள் ஒட்டினார். பிறகு கை டிரில்லில் பொருத்தி இடப்பக்கமாகச் சுற்றினார். வலப்பக்கம் சுற்றினால், குழல் திருகாணியைக் கவ்வி இன்னும் உள்ளே இறக்கிவிடக்கூடும். நாங்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். சற்று நேரத்தில் சிறிது மரத்தோடு திருகாணி வெளியே வந்தது!

குழியில் பசை தடவிய கெட்டி மரமுளையை அடித்து, ஒரு நாள் முழுதும் காயவிட்டு, மட்டமாகச் சீவினோம். புதுத் துளை 1.5 மில்லிமீட்டர். மரையை நீக்கினால் திருகாணியின் நடுத்தண்டு அவ்வளவுதான் இருக்கும். புதுத் திருகாணியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்ததும் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.

முதலில் ஏன் உடைந்தது என்று கேட்டோம். பழைய துளையில் பூட்டும்போது முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்ப வேண்டுமாம். பழைய மரைத்தடத்தில் 'டிக்'கென்று விழுவது விரலுக்குத் தெரியும். அதன் பிறகே வலப்பக்கம். நாங்கள் எடுத்ததுமே வலப்பக்கம் முறுக்கியிருந்தோம்.

விழாவில் கிட்டார் சுருதி பிசகாமல் ஒலித்தது. உற்றுப் பார்த்தால் அதில் ஒரு திருகாணி மட்டும் மற்றவற்றைவிடப் பளபளவென்றிருக்கும். உடைந்த தலை எங்கள் ஜாமெட்ரி பெட்டியில் இருக்கிறது.