இறுதிக் கொடையும் அரசின் பொறுப்பும்

உறுப்புக் கொடை வேறு, உடற்கொடை வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் நம்மிடையே பலர் உளர். மும்பையின் ஆண்டாப் ஹில், மாதுங்கா, தாராவி முதலிய பகுதிகளில் வாழும் தமிழன்பர்கள் இவ்வேற்றுமையை அறிந்திருத்தல் நலம்.

சிறுநீரகம், கல்லீரல், இதயம் போன்றவை மூளைச்சாவுற்றவரிடமிருந்து பெறப்படுவன. மூளை அறவே செயலற்ற பின்னும், செயற்கைச் சுவாசத்தின் துணையால் இதயம் சிறிது காலம் இயங்கும். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து அச்சாவை உறுதி செய்தல் வேண்டும். உறுப்புகளை எடுத்தபின் உடல் தைக்கப்பெற்று உறவினரிடமே ஒப்படைக்கப்படும். ஈமச் சடங்கிற்குத் தடையில்லை. உடற்கொடையோ, இயல்பாக இறந்தவரின் உடலை மாணவர் கல்விக்காக மருத்துவக் கல்லூரிக்கு அளிப்பது. அவ்வுடல் சடங்கிற்கெனத் திரும்பி வாராது.

இதற்காகும் செலவு யாருடையது? மூளைச்சாவுற்ற உடலைப் பேணுதல், உறுப்புகளை எடுத்தல், அவற்றைக் கொண்டுசெல்லுதல் ஆகிய செலவுகளைக் கொடையாளர் குடும்பத்தினிடம் பெறலாகாது என்பது 2014-ஆம் ஆண்டு விதி. உறுப்பு பெறுவோரோ, மருத்துவமனையோ, அரசோ, தொண்டு நிறுவனமோ அதனை ஏற்கலாம். உறுப்பினை விற்பதும் வாங்குவதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள்.

மும்பை மண்டலத்தில் உறுப்புகளைப் பங்கிடும் பொறுப்பினை ஏற்றுள்ள ஒருங்கிணைப்பு மையம், ஆண்டாப் ஹில்லுக்கு அணித்தாயுள்ள சயான் மாநகராட்சி மருத்துவமனை வளாகத்தில் இயங்குகிறது. பிற மாநிலத்தார் அங்குப் பெயர் பதியலாமா என்னும் ஐயம் எழலாம். உறுப்பு வேண்டிப் பதிவு செய்வோரிடம் இருப்பிடச் சான்று கோரலாகாதென 2023-ஆம் ஆண்டில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டில், உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறுமெனத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது.

எனினும், சட்டமும் நிதியும் மட்டும் போதா. உறுதிமொழி அட்டையில் ஒருவர் கையொப்பமிட்டிருப்பினும், இறுதி வேளையில் மருத்துவர்கள் நாடுவது நெருங்கிய உறவினரின் இசைவையே. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இங்கேதான் இடர்ப்பாடு நேர்கின்றது. மனைவி இங்கிருப்பார், தமையனார் திருநெல்வேலியில் இருப்பார். ஊருக்கு உடலைக் கொண்டுவர வேண்டுமென்பார் அவர். இருவரும் தொலைபேசியில் வாதிட்டுக் கொண்டிருக்க, உறுப்புகள் பயனற்றுப் போகும். கண்களை ஆறு மணி நேரத்திற்குள் எடுத்தாக வேண்டும் என்பதையும் எண்ணுக. ஊரிலுள்ள கல்லூரியில் உடற்கொடைக்குப் பதிந்து வைத்தவர் மும்பையில் காலமாயின், அப்பதிவாற் பெரும்பயன் விளையாது. வாழும் ஊரின் கல்லூரியிற் பதிதலே தக்கது.

ஆதலின், கொடையளிக்க விழைவோர் இல்லத்தாரிடம் மட்டுமன்றி, ஊரிலுள்ள மூத்தோரிடமும் தம் விருப்பத்தை இப்பொழுதே தெளிவாகச் சொல்லி வைத்தல் வேண்டும். துயரம் சூழ்ந்த வேளையில் புதிதாக ஒரு முடிவெடுப்பது யார்க்கும் அரிது. முன்னரே அறிந்ததொரு விருப்பத்தை நிறைவேற்றுவது எளிது.