லித்தியம் சாப்பிடுபவர் வீட்டில் திடீரென உப்பைக் குறைக்கலாமா?

வீட்டில் ஒருத்தருக்கு பி.பி. என்று டாக்டர் சொன்னதுமே, எல்லோர் தட்டிலும் உப்பு குறைந்துவிடும். நல்லதுதான். ஆனால் அதே வீட்டில் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், கொஞ்சம் பொறுங்கள்.

சில வாரம் தூக்கமே இல்லாமல் தலைகால் புரியாத உற்சாகம், கண்டபடி செலவு... பிறகு படுக்கையை விட்டே எழ முடியாத சோர்வு. இப்படி மாறி மாறி வரும் 'பைபோலார்' நோய்க்கான மருந்து இது. 1949-ல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் இதன் பலனை வெளியிட்டார். இன்றும் மனநல டாக்டர்கள் பெரிதும் நம்பும் மருந்து.

அப்படி என்ன செய்கிறது? சாப்பாட்டு உப்பில் இருக்கிறதே சோடியம், அதற்கு லித்தியம் தம்பி மாதிரி. அண்ணன் போகும் வழியிலேயே மூளை செல்லுக்குள் நுழைந்து, அங்கே செய்தி கடத்தும் சில என்ஸைம்களின் வேகத்தைத் தணிக்கிறது. மெல்ல நடக்கிற வேலை என்பதால் பலன் தெரியச் சில வாரம் ஆகலாம். 'நாலு நாளாச்சு, ஒண்ணும் தெரியலையே' என்று நிறுத்திவிடாதீர்கள்.

கல்லீரல் இந்த மருந்தைச் சிதைப்பதில்லை. சிறுநீரகம்தான் அப்படியே வெளியேற்ற வேண்டும். வம்பே அங்கேதான்! சிறுநீரகத்துக்கு அண்ணன் யார், தம்பி யார் என்று சரியாகப் பிரிக்கத் தெரியாது. உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால், சோடியத்தைப் பிடித்து வைக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துவிடும். சாப்பிட்டது அதே மாத்திரைதான். ரத்தத்தில் அளவு மட்டும் ஏறிவிடும்.

அதனால் திடீர் உப்பில்லாப் பத்தியம், தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், பேதி, வாந்தி, கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டுவது எல்லாமே இவர்களுக்கு ஆபத்து. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும், சில பி.பி. மாத்திரைகளும் அப்படித்தான். அதற்காக ஊறுகாயை அள்ளி வைக்காதீர்கள்! உப்பு கூடினால் லித்தியம் வேகமாக வெளியேறி, நோய் திரும்பலாம். தினமும் ஒரே சீராக இருக்கட்டும். லித்தியம் சாப்பிடுபவருக்கே பி.பி. வந்தால், உப்பைக் குறைக்கும் முன் மனநல டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பது பொதுவான இலக்கு. 1.5-ஐத் தாண்டினால் நச்சு. கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் கொடுக்க வேண்டும். தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகளும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவசியம். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

லேசான கை நடுக்கமும் தாகமும் பலருக்கு உண்டு. ஆனால் கை வெடவெடவென்று உதறுகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் 'தூக்கக் கலக்கம்தான்' என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போய், லித்தியம் சாப்பிடுகிறவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.