வளைந்த சுருள்களின் காந்தக் கலம்

சூரியனின் கருவில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஆற்றலை வெளிவிடுகின்றன. அத்தகைய இணைவைப் பூமியில் நிகழ்த்த வாயுவைச் சுமார் பத்துக் கோடி டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். அவ்வெப்பத்தைத் தாங்கும் பாத்திரம் எதுவுமில்லை. எனினும் அந்நிலையில் வாயு, மின்னூட்டம் கொண்ட துகள்களாலான பிளாஸ்மாவாகிவிடுவதால் காந்தப்புலத்துக்குக் கட்டுப்படுகிறது. ஆகவே காந்தமே அதற்குக் கலமாகிறது.

கலத்தை வளையமாக அமைக்கையில் ஓர் இடர்ப்பாடு எழுகிறது. உட்புறத்தில் புலம் வலுத்தும் வெளிப்புறத்தில் மெலிந்தும் இருப்பதால், துகள்கள் நழுவிச் சுவரை அடைகின்றன. புலக்கோடுகளை முறுக்குவதே இதற்குப் பரிகாரம். டோகாமாக் அமைப்பு பிளாஸ்மாவினுள் மின்னோட்டம் செலுத்தி இம்முறுக்கைப் பெறுகிறது. அவ்வோட்டம் திடீரெனக் குலைந்தால் கலத்துக்கே கேடு. 1951இல் அமெரிக்க அறிஞர் லைமன் ஸ்பிட்சர் முன்வைத்த ஸ்டெல்லரேட்டரோ முறுக்கை வெளிச் சுருள்களிடமே ஒப்படைக்கிறது. அங்கே சிக்கல் பிளாஸ்மாவை விட்டுச் சுருளின் வடிவத்துக்கு இடம்பெயர்கிறது.

ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் அமைத்துள்ள வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸ் கருவியில் இதனைக் காண்கிறோம். அதில் நெளிந்து வளைந்த 50 சுருள்களும் தட்டையான 20 சுருள்களும் உள்ளன. நெளிந்தவை ஒவ்வொன்றும் சுமார் மூன்றரை மீட்டர் உயரமும் ஆறு டன் எடையும் உடையவை.

செம்புச் சுருள்கள் இவ்வளவு வலிய புலத்தை நெடுநேரம் தாங்கினால் தம் மின்தடையாலேயே கொதிப்பேறும். எனவே மின்தடையற்ற நியோபியம்-டைட்டானியம் மீக்கடத்தி தேர்ந்தெடுக்கப்பட்டது. செம்பு சூழ்ந்த 243 மெல்லிய இழைகள் முறுக்கப்பட்டு அலுமினிய உறைக்குள் அடைக்கப்பட்டுள்ளன. இழைகளின் இடைவெளியில் சுமார் -269 டிகிரி செல்சியஸில் ஹீலியம் பாய்கிறது. சுற்றும்போது மென்மையாயிருக்கும் உறை, பின்னர் வெப்பமூட்டிக் கடினமாக்கப்படுகிறது. ஓரிடத்தில் சிறிது வெப்பமேறினாலும் மீக்கடத்துதிறன் அங்கே அழிந்து, அழிவு பரவத் தொடங்கும். அக்கணத்தில் செம்பு மின்னோட்டத்தைத் தாங்கிநிற்க, சுருளில் தேங்கிய ஆற்றலை வெளியேற்றிவிட வேண்டும்.

சுருள்கள் சிறிதே இடம் பிசகினாலும் புலத்தில் பிழை நுழைந்து பிளாஸ்மா கசியும். இத்தகு நுட்பத்துக்கு விலை பெரிது. செம்புச் சுருள்களுடன் பிரின்ஸ்டனில் கட்டப்பட்டு வந்த என்.சி.எஸ்.எக்ஸ். ஸ்டெல்லரேட்டர், செலவும் தாமதமும் மிகுந்தமையால் 2008இல் கைவிடப்பட்டது. கிரைஃப்ஸ்வால்டிலோ பொறுமை பலன் தந்தது: அளந்து பார்த்தபோது புலப் பிழை இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைவாயிருந்தது. 2015 டிசம்பரில் முதல் பிளாஸ்மா ஒளிர்ந்தது. 2023இல் அது எட்டு நிமிடம் நிலைத்தது.

இக்கருவி மின்சாரம் தருவதற்கன்று. பிளாஸ்மாவை நெடுநேரம் நிலைநிறுத்த முடியும் என்று காட்டுவதே அதன் பணி. மின்நிலையம் இன்னும் தொலைவில்தான் உள்ளது. ஆயினும் அதன் கலத்தை வனைய முடியும் என்பதை நாம் இன்று அறிவோம்.