புழக்கடைத் தோட்டமும் பூச்சிகளும்

மதுரை நகரில் புழக்கடை என்று சொல்லத்தக்க இடமுள்ள வீடுகள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. ஆயினும், கிணற்றடியில் ஒரு பப்பாளி, சுவரோரம் ஒரு கறிவேப்பிலை, நாலைந்து கத்தரிச் செடிகள், பூசைக்குச் செம்பருத்தி என்று வைத்து வளர்ப்பவர்கள் இன்றும் பலர் உளர். இடமில்லாதவர்கள் மாடியிலே தொட்டிகளை வைத்துத் தோட்டமாக்கிக் கொள்கிறார்கள். அவர்களுள் ஒருவனாகிய நான், பூச்சியும் நோயும் வந்தபின் மருந்துக்கு ஓடாமல், வருமுன் காப்பது எப்படி என்பதைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். எனக்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தது ஒரு பப்பாளி மரம். ஆகையால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2009-ஆம் ஆண்டு என் வீட்டுப் பப்பாளியின் இலைகளுக்கு அடியிலும் காய்களின் மீதும் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல வெண்மை படர்ந்தது. சில நாட்களில் அது பக்கத்திலிருந்த செம்பருத்திக்கும் தாவியது. இலைகள் சுருங்கின, அவற்றின்மேல் புகைக்கரி போன்ற கரும்பூசணம் பூத்தது. இது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ நாட்டைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி, 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதற்குப் பின் இரண்டே ஆண்டுகளில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாடெங்கும் பரவிப் பெருஞ்சேதம் விளைத்தது.

நான் செய்தது என்ன? கடைக்குச் சென்று, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த கடுமையான பூச்சிமருந்தை வாங்கி வந்து, மரம் நனையத் தெளித்தேன். மறுநாள் மரத்தடியில் செத்துக் கிடந்தவை பொறிவண்டுகளும் சிலந்திகளுமே. மாவுப்பூச்சியோ உடம்பெல்லாம் மெழுகுப் பொடி பூசிக்கொண்டு, முட்டைகளைப் பஞ்சுப் பைக்குள் பொதிந்து வைத்துக்கொண்டு சுகமாக இருந்தது. மூன்று முறை தெளித்தேன். மூன்றாம் முறைக்குப் பின் மரத்தை வெட்டித்தான் போட வேண்டியிருந்தது. அம்மரத்தின் காயை எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்க இயலாதபடி நானே நஞ்சாக்கிவிட்டேன் என்பதுதான் அப்போது என்னை மிகவும் உறுத்தியது.

அடுத்த வீட்டு அம்மையார் மருந்து ஒன்றும் அடிக்கவில்லை. “எறும்பை நிறுத்தினால் பாதிப் பூச்சி குறையும் அண்ணே” என்று சொல்லி, மரத்தின் தண்டைச் சுற்றித் துணியைக் கட்டி விளக்கெண்ணெய் தடவி வைத்தார். காலைதோறும் நீரைப் பீய்ச்சி இலையடியைக் கழுவினார். மிகவும் பற்றிய இலைகளைக் கிள்ளிச் சோப்பு நீரில் போட்டார். எறும்புக்கும் மாவுப்பூச்சிக்கும் உள்ள உறவை அவர் கண்ணால் பார்த்தே அறிந்திருந்தார். மாவுப்பூச்சி கழிக்கும் இனிய நீரை எறும்பு உண்கிறது. அதற்குக் கைம்மாறாக, அதைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகிறது. அம்மையாரின் மரம் மெலிந்ததே தவிர, சாகவில்லை.

2010-இல் பெங்களூரிலிருந்த மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம், போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி உழவர்களுக்கு வழங்கியது. அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி கடுகைவிடச் சிறியது, மனிதரைக் கொட்டுவதில்லை. மாவுப்பூச்சியின் உடலுக்குள் அது முட்டையிடும். பிறக்கும் புழு அப்பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிட்டு, வெறுங்கூட்டில் ஒரு துளையிட்டுக்கொண்டு குளவியாக வெளியேறும். மருந்தால் அடங்காத பூச்சி, குளவியை விட்ட வயல்களில் சில மாதங்களில் அடங்கிற்று. நம் பக்கத்தில் இது முதல் தடவையும் அன்று. முன்னொரு காலத்தில் பொட்டல் நிலங்களை அடைத்துக்கொண்டிருந்த சப்பாத்திக்கள்ளி, 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பூச்சி சாற்றை உறிஞ்சியதால் அழிந்தது.

ஆகவே தோட்டத்தில் நாம் முதலில் பழக வேண்டியது, நண்பரையும் பகைவரையும் பிரித்தறிவதுதான். அசுவினி மொய்த்த அவரைக் கொடியில் முதலை போன்ற உருவத்தில் கரிய சிறு புழு ஒன்று ஊர்ந்தால், அதை நசுக்கிவிடாதீர்கள். பொறிவண்டின் குஞ்சு அது. அசுவினியே அதற்கு உணவு.

கத்தரியின் கதை வேறு. தண்டையும் காயையும் துளைக்கும் புழு உள்ளே நுழைந்துவிட்டால் எந்த மருந்தும் அதை எட்டாது. ஆனால் அது காய்க்கு வருமுன் குருத்திலே நுழைகிறது. நல்ல ஈரமிருந்தும் ஒரு கொழுந்து மட்டும் தலை தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். அக்கொழுந்தைச் சற்றுக் கீழே சேர்த்து வெட்டி எரித்துவிட வேண்டும். ஓட்டை விழுந்த காயைக் குப்பைக் குழியில் எறிவது, பூச்சியை நாமே வளர்ப்பதாகும். பத்துச் செடி உள்ள வீட்டில் இதற்குக் காலையில் ஐந்து நிமிடம் போதும். ஏக்கர் கணக்கில் பயிரிடும் உழவருக்கு இந்த வசதி இல்லை, நமக்கு உண்டு.

வெண்டையில் நரம்புகள் மஞ்சளாகித் தேமல் கண்டால், அதற்கு மருத்துவம் இல்லை. வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய் அது. இரக்கப்படாமல் பிடுங்கிவிட வேண்டும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தகடு ஒன்றைச் செடி உயரத்தில் தொங்கவிட்டால், வெள்ளை ஈ வந்துவிட்டதை முன்னதாகவே காட்டும்.

நோய்க்குப் பெரும்பாலும் நீரே வாயில். சித்திரை வெயிலில் செஞ்சிலந்தியும் வெள்ளை ஈயும் பெருகும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசணங்கள் பெருகும். மாலையில் இலை நனைய நீர் தெளிப்பதைக் காட்டிலும் காலையில் வேரடியில் விடுவது நன்று. நாற்றுப் பாத்தியில் நீர் தேங்கினால் நாற்று அடி அழுகிச் சாயும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் பயிர் வைப்போர் மேட்டுப்பாத்தி அமைத்துக்கொள்வது இன்றியமையாதது. மக்காத சாணத்தை இடாதீர்கள், வேர்ப்புழு வரும். கத்தரி இருந்த இடத்தில் மறுபடியும் கத்தரியோ, தக்காளியோ, மிளகாயோ வேண்டா. அவை ஒரு குடும்பம். ஒரு பருவம் வெங்காயமோ செண்டுமல்லியோ வையுங்கள். செண்டுமல்லியின் வேர், மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் குறைக்கும்.

வேம்பைச் சொல்லாமல் விட முடியுமா? ஆனி, ஆடியில் நம் தெருக்களில் உதிரும் வேப்பம்பழத்தைப் பொறுக்கித் தசை நீக்கி, கொட்டைகளை நிழலில் உலர்த்தி வையுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு ஐம்பது கிராம் பருப்பு. இடித்துத் துணியில் முடிந்து இரவு முழுதும் ஊற வைத்துப் பிழிந்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். மாலையில் தெளியுங்கள், வெயிலில் அதன் வீரியம் போய்விடும். ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கொட்டை பயன்படாது. வேம்பு பூச்சியை அந்தக் கணமே கொல்வதில்லை. அதன் பசியைக் கெடுத்து, தோலுரித்து வளர்வதைத் தடுக்கிறது. ஆதலால் புழு பெருத்தபின் தெளித்துவிட்டு, பலிக்கவில்லை என்று குறைகூறுவதில் நியாயமில்லை. (வேப்பெண்ணெய் பூசணத்தைத் தடுக்கும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு காப்புரிமையே வழங்கியிருந்தார்கள்! இந்தியாவிலிருந்து எழுந்த எதிர்ப்பால் அது 2000-இல் நீக்கப்பட்டு, 2005-இல் அத்தீர்ப்பு உறுதியாயிற்று.)

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போலத் தோன்றுபவை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுக்கள். கையால் எடுத்துவிடலாம். நான் ஒரு கிளையை மட்டும் அவற்றுக்கு விட்டு வைக்கிறேன். வீட்டில் இதை எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை.

வெட்டிய இடத்தில் இப்போது வேறொரு பப்பாளி நிற்கிறது. இலைகளைத் திருப்பிப் பார்த்தால் வெண்புள்ளிகள் இன்றும் சில தென்படும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்ப்பேன். சில, பழுப்பு நிறமாக உப்பிய வெறுங்கூடுகள். ஒவ்வொன்றிலும் ஊசிமுனை அளவு துளை.