யார் இந்த முருகேசன்?

வாக்காளர் பட்டியலில் இரட்டைப் பதிவுகளைக் களையும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் மட்டும் விட முடியாது. காரணம் தெரிய எல்லையோர ஊர்களைப் பார்க்க வேண்டும்.

சத்தியவேட்டிலிருந்து ஊத்துக்கோட்டைக்குப் போனால் மாநிலம் மாறிவிடும், பேச்சு மாறாது. இரு பக்கமும் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. 1960 ஏப்ரல் 1-ல் எல்லை திருத்தப்பட்டபோது ஆந்திரத்துக்குப் போன ஊர் சத்தியவேடு. பதிலுக்கு வந்தது திருத்தணி. உறவுகள் இன்றும் கோட்டின் இரு புறமும் இருக்கின்றன. வேலைக்காகவோ கல்யாணமாகியோ இடம்பெயர்கிறவர்கள் புதிய ஊரில் வாக்காளராகிறார்கள். பழைய பெயர் பழைய ஊரிலேயே தங்கிவிடுகிறது.

இது சட்டத்துக்குப் புறம்பானது. ஒருவர் ஒரு தொகுதியில் மட்டுமே பதிவு பெறலாம் என்கிறது 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17-வது பிரிவு.

கம்ப்யூட்டருக்கு இது சுலபமான வேலைதானே? பதிவுகள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் சுலபம்தான். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் எஸ்.க்யூ.எல். மொழியில் 'டிஸ்டிங்ட்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். ஒரே மாதிரியான பல வரிகளில் ஒன்று மட்டுமே விடையில் வரும். ஆனால், ஓர் எழுத்து மாறினாலும் அதன் கணக்கில் அது வேறு ஆள்.

எல்லையிலோ மாறுவது ஓர் எழுத்து மட்டுமல்ல. தமிழகத்தில் இனிஷியல் என்றால் அப்பாவின் பெயர். ஆந்திரத்தில் பெரும்பாலும் 'இண்டி பேரு' எனப்படும் குடும்பப் பெயர். எனவே ஒரே முருகேசன் இங்கே 'வி. முருகேசன்', அங்கே 'எம். முருகேசன்' ஆகலாம். இன்றைய தெலுங்கில் 'ழ' கிடையாது என்பதால் தமிழ்ச்செல்வியின் பெயரும் உருமாறிவிடும்.

சரி, இனிஷியலை விட்டுவிட்டுப் பெயர், தந்தை பெயர், வயது மூன்றும் பொருந்துகிறவர்களைக் குழுவாகச் சேர்க்கலாம். 'குரூப் பை' என்ற கட்டளை அதைச் செய்யும். இப்போது ஆபத்து எதிர்த் திசையில் வருகிறது. முருகேசன் மகன் வெங்கடேசன், வயது 40 - ஒரே தாலுகாவில் நிஜமாகவே இரண்டு பேர் இருக்கலாம். ஒருவர் நீக்கப்பட்டால், வாக்குச்சாவடி வாசலில்தான் அவருக்கே விஷயம் தெரியவரும்.

அடையாள அட்டை எண்ணையும் முழுசாக நம்ப முடியாது. வெவ்வேறு மாநில வாக்காளர்கள் சிலருக்கு ஒரே எண் தரப்பட்டிருப்பதை 2025 மார்ச்சில் தேர்தல் கமிஷனே ஒப்புக்கொண்டது.

ஆக, சந்தேகத்துக்குரிய ஜோடிகளைப் பொறுக்கிக் கொடுப்பதோடு கம்ப்யூட்டரின் வேலை முடிகிறது. இருவரா, ஒருவரா என்பதை வீடு தேடிப் போய்த்தான் தீர்மானிக்க வேண்டும். இடம்பெயர்ந்தார், தகுதியில்லை போன்ற காரணங்களுக்காகப் பெயரை நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 22-வது பிரிவும் சொல்கிறது. வீடு மாறுகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு: புதிதாகப் பதிவு செய்யாமல் 8-ம் எண் படிவத்தைக் கொடுத்தால், பழைய பதிவே புது ஊருக்கு வந்துவிடும்.